பிழை இல்லை

கதிர்வீச்சு அறைக்கு ஜன்னல் கிடையாது. சிகிச்சை இயந்திரத்தை ஓட்டும் நிரல் அங்கிருந்த பழைய கணினியில் இருந்தது. நிரலைப் புதிதாகத் திருத்தியிருந்தார்கள். அதில் பிழை தேடும் கருவியோ புதிய கணினிகளுக்காகச் செய்தது. அதைப் பழையதில் ஓடவைக்க ஜெசிந்தா காலையிலிருந்து முட்டிமோதினாள். எந்தச் சோதனையில் கருவி திணறி நின்றதோ, அந்தச் சோதனையைக் கருவியிலிருந்தே எடுத்துப்போட்டாள். எடுக்க எடுக்க அது இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. கடைசியில் 'பிழை இல்லை' என்றது திரை.

"வந்துட்டுல்லா ஜெசி? ஆளை உள்ள அனுப்பு," என்றார் மேலாளர் இன்பசேகர், சுவர் போனில்.

அவளுக்கு என்னவோ உறுத்தியது. நிரலின் நகல் ஒன்றில் கதிரின் அளவை வேண்டுமென்றே நூறு மடங்காக்கி ஓட்டிப் பார்த்தாள். அப்போதும் 'பிழை இல்லை' என்றது திரை. ஆண்டவரே, என்று முனகினாள். நிரலைக் கேட்பதற்கென்று கருவியிடம் ஒரு கேள்வியைக்கூட அவள் மிச்சம் வைத்திருக்கவில்லை.

வெளியே, தொண்டையில் கட்டியோடு ஞானப்பழம் காத்திருந்தார். "என்ன தாயி, மெஷினுக்குச் சொகமாயிட்டா?"

"சொகம்னு பொய் சொல்லுது அண்ணாச்சி. நான்தான் சொல்ல வச்சேன். இப்போ உங்களை அதுல படுக்கவைக்க மாட்டேன்."

அவர் தொண்டையைத் தடவிக்கொண்டார். நாள் தள்ளினால் கட்டி பொறுத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் உள்ளே போய், எடுத்துப்போட்டதில் முதல் சோதனையைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கினாள். தானாகச் சாத்திக்கொள்ளும் கனத்த கதவு பின்னால் சாத்திக்கொள்ளவில்லை. ஞானப்பழம் நடையில் உட்கார்ந்து அதற்குக் காலை முட்டுக்கொடுத்திருந்தார்.

"நீ பாரு தாயி. காத்து வரட்டும்."