சர்வீஸ் போடாமல் கிடைத்த பாயின்ட்

குன்னத்துகால் சர்ச் மைதானத்தில் வெயில் சாய்ந்து, வாலிபால் வலையின் நிழல் கோட்டைத் தாண்டி நீண்டு கிடக்கிறது. ஆளுக்கொரு செட் ஜெயிக்கவே மூன்று மணி நேரம். சர்வீஸ் போட்ட பக்கத்துக்கு மட்டுமே பாயின்ட் என்ற பழைய ரூலில், சர்வீஸ் கை மாறிக்கொண்டே இருந்ததே தவிர பாயின்ட் ஏறவில்லை. அதனால் கடைசி செட்டுக்கு, இந்த வருஷம் வந்த புது ரூல்: சர்வீஸ் யாருடையதானாலும் பந்தை விட்டால் எதிரிக்குப் பாயின்ட், இருபத்தைந்தில் ஆட்டம் முடியும். அதை எதிர்த்து அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியவர் கேப்டன் சிவதாணு. "சர்வீஸ் போடாம கிடைக்குத பாயின்ட் பிச்சையாக்கும்!" மேசைமேல் போட்ட நாற்காலியில் ரெஃபரி விஜயதாஸ் சார் அசையவே இல்லை. இப்போது இருபத்துநான்கு, இருபத்துமூன்று. சிவதாணு ஒரு பாயின்ட் முன்னால். முழங்காலில் சுற்றிய துணி நழுவிக் கணுக்காலில் தொங்குகிறது. எதிர்ப்பக்கம் பிபின் அடித்த சர்வீஸ் வலையில் மோதிச் செம்மண்ணில் பொத்தென்று விழுகிறது. சிவதாணு பழைய வழக்கத்தில் பந்தை எடுத்துக்கொண்டு, சர்வீஸ் போட நொண்டி நொண்டிப் பின்கோட்டுக்கு நடக்கிறார். விஜயதாஸ் சாரின் விசில் நீளமாக ஒலிக்கிறது.

"எங்க போற சிவதாணு? களி தீந்தாச்சு. ஆட்டத்துல நீங்க ஜெயிச்சாச்சு."

பந்தோடு நிற்கிறார். சுற்றிலும் சிரிப்பு. சார் விடவில்லை.

"பிச்சை வேண்டாம்னா சொல்லு, பழைய ரூல்ல திரும்பக் களிக்கலாம்."

சிவதாணு தன் முழங்கால்களைக் குனிந்து பார்க்கிறார். பந்தைக் கீழே வைத்து, அதன்மேலேயே மெல்ல உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சு விடுகிறார்.

"இறங்கி வாரும் சாரே. நல்ல ரூலாக்கும் இது."