சுவரில் தழைத்த மருதமரம்

ரோட்டை அகலப்படுத்த மருதமரத்தை வெட்டினார்கள். வெட்டின பாவம் தீரட்டும் என்றோ என்னவோ, பக்கத்துச் சுவரில் அதே மரத்தை வரையவும் ஏற்பாடு செய்தார்கள். ஓவியர் ஒரு குறையும் வைக்கவில்லை. இலைக்கு நரம்பு, நரம்பில் பனித்துளி, கிளையில் கொழுகொழுவென்று ஒரு பச்சைப் புழு. சுவர் வெடிப்பில் குடியிருந்த பல்லியே முதல் நாள் அந்தப் புழுவைக் கவ்வப் போய் வாய் தேய்ந்து திரும்பியது.

ஒருநாள் பொழுது சாயும்போது, வயிறு நிறைய முட்டையோடு ஓர் அந்துப்பூச்சி தள்ளாடி வந்து அந்த இலைமேல் உட்கார்ந்தது.

“அம்மா தாயே, அது பெயின்ட்டு,” என்றது பல்லி.

“தெரியும். உட்கார்ந்ததுமே கால் சொல்லிடுச்சு.”

“அப்போ வேற மரம் பார்க்கிறதுதானே?”

“பார்க்காமலா வந்தேன்? ரோடு பூரா அலைஞ்சாச்சு. இலை மாதிரியாவது இருக்கிறது இது ஒண்ணுதான். வயித்துல இருக்கிறது காத்திருக்காதுய்யா.”

அந்துப்பூச்சி வழக்கம்போல இலைக்கு அடிப்பக்கம் தேடியது. அடிப்பக்கமே இல்லை. மேலேயே முட்டைகளை ஒட்டிவிட்டுச் சுவரோரம் விழுந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

சில நாளில் முட்டை பொரிந்து பொடிப்பொடியாகப் புழுக்கள் வந்தன. அவற்றைத் தின்னப் பல்லிக்கு மனசு வரவில்லை. அவை ஒவ்வோர் இலையாகக் கடித்துப் பார்த்தன. கடைசியில் ஊர்ந்து ஊர்ந்து, ஓவியர் வரைந்த அந்தக் கொழுத்த புழுவைச் சூழ்ந்துகொண்டன.

“அண்ணே, நீங்க எந்த இலையைத் தின்னீங்க? எங்களுக்கும் காட்டுங்களேன்.”