கழன்றுகொண்டே இருந்த கிரிப்

“இதே சைக்கிள்ல நான் மாட்டுன பெல் கழண்டுச்சா? நீ மாட்டுன ஹேண்டில்பார் கிரிப் மட்டும் ஒரே வாரத்துல மூணு தடவை கழண்டு வருது. இன்னொரு தடவை வந்துச்சுன்னா ஸ்பேனரை வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடு தாயே!” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

மகளின் முகம் தொங்கிப்போனது. நூலகத்தில் வேலை பார்க்கும் இளைஞன், தன் சைக்கிளைப் பிடித்தபடி பாவமாக நின்றான்.

அவள் ஹேண்டில்பாரை அழுத்தித் துடைத்தாள். கிரிப் ரப்பருக்குள் ஸ்பிரிட்டை விட்டுக் குலுக்கி, ஒரே மூச்சில் திருகி ஏற்றினாள். காய்ந்ததும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“இனிமே யானை இழுத்தாலும் வராது சார்.”

மறுநாள் காலையில் அவன் மறுபடியும் வந்தான், கழன்ற கிரிப்பும் கையுமாக.

அவள் அதை வெடுக்கென்று வாங்கினாள். நல்லவேளை, அப்பா உள்ளே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ரப்பருக்குள் விரலை விட்டாள். வழவழவென்று எண்ணெய்!

நிமிர்ந்து முறைத்தாள். அவன் அசடு வழிந்தான்.

“சும்மா வந்து நின்னா, என்ன வேணும்னு உங்கப்பா கேப்பாரே...”

அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதுக்காக என் வேலைக்கா உலை வைப்பீங்க? நாளைக்கு வர்றப்ப பெல்லைக் கழட்டிட்டு வாங்க!”