பட்டாணி கொண்டுவந்த செருப்பு

வாயிலிருந்ததை அவள் காலடியில் போட்டுவிட்டுப் பட்டாணி இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்தது.

வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

செருப்பு. இந்த வாரத்தில் ஐந்தாவது.

அவள் கையை ஓங்கினாள். அது நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்தது. ஐந்து மாத நாய்க்குட்டியை யாரால் அடிக்க முடியும்?

டீச்சர் வேலையில் மாற்றலாகி இந்தக் கடற்கரைத் தெருவுக்கு வந்து இரண்டு மாதம். தெருவை அவளுக்குப் பழக்கியது இந்தத் திருட்டுதான். வாசல் வாசலாகச் செருப்பை நீட்டுவாள். முதலில் முறைப்பார்கள். பிறகு குட்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டில் ஒருநாள் காப்பியே கிடைத்தது.

இன்றைக்கு வந்தது ஆண் செருப்பு. ரப்பர். இடது கால். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை.

மிச்சம் அடுத்த வீடு மட்டும். அங்கே ஆண் செருப்புக்கு வழியில்லை. டெல்பினின் கணவன் கஸ்பார் போன படகு ஐப்பசியில் கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இருவரும் நீந்திக் கரைசேர்ந்தார்கள். அவன் வரவில்லை. உடலும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெல்பின் வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணனோடு போகிறாள்.

அவளிடம் கேட்பதாகவே இல்லை. பட்டாணி முந்திக்கொண்டு ஓடி அந்த வாசலில் நின்று குரைத்தது.

டெல்பின் வெளியே வந்தாள். செருப்பை வாங்கிப் புரட்டினாள். குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

"அவுக செருப்பு, டீச்சர்."

கடல் ஒதுக்கியிருக்கும் என்றாள் இவள். வேறு என்ன சொல்வது?

"இருக்கும்." டெல்பின் நீல வாரை இழுத்துப் பார்த்தாள். "போகையில வார் அந்து போயிருந்துச்சு. ஊக்கு குத்திட்டுத்தான் போனாவ."

வார் புதிதாக இருந்தது.

யாராவது எடுத்து வார் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒற்றைச் செருப்புக்கு யார் வார் மாற்றுவார்கள்?

டெல்பின் குத்தவைத்து உட்கார்ந்து பட்டாணியின் காதைத் தடவினாள்.

"நாளைக்கும் இவன அவுத்து விடுங்க."

மறுநாள் சனி. காலை பத்து மணி. பட்டாணி முன்னால் போயிற்று. இரண்டு பெண்களும் பின்னால்.

போகும் வழியில் ஒரு கோழியைத் துரத்தியது. வலையைக் கடித்து இழுத்து ஏச்சு வாங்கியது. கருவாடு காயும் இடத்தில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது.

பழைய படகுகள் கவிழ்ந்து கிடந்த இடத்தில் நின்றது.

அங்கே யாரும் இல்லை.

கருவாட்டை மணலில் வைத்தது. முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாடக் கூப்பிட்டது. தாவியது. விலகியது. மறுபடி தாவியது. பிறகு மல்லாந்து படுத்து நான்கு கால்களையும் விரித்தது.

காற்றே இல்லை.

அதன் வயிற்று மயிர் மெல்லக் கலைந்தது.

மேலிருந்து கீழாக. மறுபடி, மேலிருந்து கீழாக.

பட்டாணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தாள் டீச்சர்.

டெல்பின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஓரடி முன்னால் வைத்தாள்.

"சாப்பிட்டியளா?"

பட்டாணி படுத்தபடியே தலையை மேலே திருப்பியது. யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோல் அதன் காதுகள் நிமிர்ந்தன.

திரும்பும்போது அது ஓடவில்லை. அதே கோழி குறுக்கே போயிற்று, துரத்தவில்லை. கூட நடப்பவரின் நடைக்கு ஈடுகொடுப்பதுபோல், மணலில் ஒரு பக்கமாக ஒதுங்கி, மெதுவாக வந்தது.

டெல்பின் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தானும் நுழைந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணன் வண்டியோடு வந்தான். கட்டிவைத்த மூட்டைகள் அவிழ்ந்து கிடந்தன. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ள, இன்னும் கிளம்பலயா?"

"நாங்க வரல, அண்ணே."

அண்ணன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பக்கத்து வாசலில் நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் குனிந்து பட்டாணியின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள்.

அது சரியாகத்தான் இருந்தது.