படத்தின் மிச்சம்

தர்மபுரத்தில் நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அந்த நடனப் படத்தை எத்தனையோ தரம் பார்த்தோம். முடிவை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை. கடைசி ஆட்டம் தொடங்கும்போது ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். நான் சிணுங்குவேன். என் அக்கா ஜெயரூபி எழும்பி மீதியைத் தானே ஆடுவாள். ஆட்டத்தில் கொலுசு கழன்று விழும், எடுக்கமாட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பின்னோக்கி நடந்து வாசலைத் தாண்டிப் போவாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பின்னால் வந்து, சமைக்கிற குசினியின் கதவைத் தட்டுவாள்.

"படம் முடிஞ்சுது, திற!"

போரின் கடைசி இடப்பெயர்வில் அக்கா காணாமல் போனாள். அவளைப் பற்றி என் மகள் மதுஷிகாவிடம் நான் கதைத்ததேயில்லை. மகளுக்கு ஆறு வயது.

நேற்றுப் பின்னேரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்தப் படத்தைப் போட்டேன். மதுஷிகாவும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். கடைசி ஆட்டம் தொடங்கியது. கரண்ட் போனது.

"இருங்கோ அம்மா, மிச்சத்தை நான் ஆடுறன்."

எழும்பி ஆடினாள். கொலுசு கழன்று விழுந்தது. அவள் எடுக்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வாசலைத் தாண்டினாள்.

"பிள்ளை, நில்லு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் வெயில் இருந்தது. அவள் இல்லை.

உள்ளே கரண்ட் வந்து, படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. நடிகை ஆடி முடித்துச் சபையைக் கும்பிட்டாள். அவளுடைய கொலுசு காலிலேயே இருந்தது. அவள் எங்கும் போகவில்லை.

நான் குசினிக்கு ஓடிக் கதவில் கை வைத்தேன். வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

மதுஷிகாவின் கை எட்டாத உயரத்தில் தட்டினார்கள்.