பெயருக்குரியவர்

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் கில்லாடிக்கு வாயெல்லாம் பல்.

கில்லாடி என்பது சொந்தக்காரர்கள் அவருடைய முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, வந்துட்டாங்க!" என்றார் மனைவியிடம்.

"முதல்ல சட்டையைப் போடுங்க" என்றாள் அவள்.

விஷயம் இதுதான். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. பல நாடுகளில் கிளை பரப்பிய நகைக்கடை, 'விரைவில் உதயம்' என்ற பலகையோடு. திறக்கும் முன்பே ஊரில் நகைச்சீட்டுக்கு ஆள் சேர்த்துப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் பெயரே கடைக்கும் பெயர். அதை இங்கே எழுதினால் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் 'அந்தப் பெயர்' என்று வைத்துக்கொள்வோம்.

பலகையைப் பார்த்ததுமே கில்லாடிக்கு மூக்கு வேர்த்தது. விசாரித்ததில், அந்தப் பெயரோடு இந்த நாட்டின் இரண்டெழுத்து வால் ஒட்டிய இணைய முகவரியை இன்னும் யாரும் பதிவு செய்யவில்லை. நாம் முந்திக்கொண்டால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்காமல் கடைக்காரன் எங்கே போவான்?

ஆனால் முகவரி கொடுக்கும் அலுவலகம் லேசுப்பட்டதல்ல. வால் வேண்டுமென்றால் நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். கேட்கும் பெயர், கேட்பவருடைய சொந்தப் பெயராகவோ அவருடைய நிறுவனத்தின் பெயராகவோ இருக்க வேண்டும். வாங்கி விற்கிற வேலையெல்லாம் கூடாது. தளத்தில் சொந்தத் தொழில் நடக்க வேண்டும்.

"உங்க பேரு அது இல்லையே சார்" என்று கவுண்டர் பெண் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவ்வளவுதானே?" என்று வெளியே வந்த கில்லாடி, நோட்டரி, பத்திரிகை விளம்பரம், அரசிதழ் என்று நாயாய் அலைந்து, பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைத் தலைமுழுகினார். மறுபடி கவுண்டருக்குப் போனபோது அவரே 'அந்தப் பெயர்'. அடையாள அட்டை முதல் மின்கட்டண ரசீது வரை அதே பெயர். கவுண்டர் பெண் மறுபேச்சுப் பேசாமல் பதிவு செய்தாள்.

தொழில் நடப்பதாகக் காட்ட வேண்டுமே? கடையின் வெளிநாட்டுத் தளத்திலிருந்து நெக்லஸ் படங்கள், நகைச்சீட்டுத் திட்டம் எல்லாவற்றையும் அப்படியே சுட்டு ஒட்டினார். முதலாளியின் புகைப்படம் மட்டும் எங்கும் அகப்படவில்லை. பாவம், கூச்ச சுபாவம் போலிருக்கிறது. அந்த இடத்தில் கில்லாடி தன் படத்தைப் போட்டு, கீழே தன் கைபேசி எண்ணையும் கொடுத்தார். கையோடு, பார்த்துக்கொண்டிருந்த கணக்கர் வேலையையும் விட்டார். முதலாளியின் பெயரை வைத்துக்கொண்டு இன்னொருவர் முன்னால் கைகட்டி நின்றால் நன்றாகவா இருக்கும்?

"கல்யாணப் பத்திரிகையில ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேரு. பொண்ணுக்கு வரன் பாக்கும்போது அப்பா யாருன்னு கேட்டா யாரைக் காட்டுறது?" என்று மனைவி புலம்பினாள்.

"வீட்டைக் காட்டு. அப்ப மூணு மாடி இருக்கும்."

சில நாட்களாகக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வேலையாட்கள் வரவில்லை. முகவரி கைக்கு வராமல் கடையைத் திறக்கப் பயப்படுகிறான் என்று கில்லாடி உச்சி குளிர்ந்தார். கைபேசி ஓயாமல் அடித்தது. "உடனே எடுத்தா நமக்கு மதிப்பு இருக்காது" என்று எடுக்கவே இல்லை. ஆளே நேரில் வரட்டும்.

இதோ, வந்துவிட்டார்கள். இரண்டு பேர். தேய்த்த சட்டை, தோல் பை, நல்ல மரியாதை. சோபாவில் உட்கார்ந்ததும் பெரியவர் மடிக்கணினியைத் திறந்து தளத்தைக் காட்டினார்.

"இந்தப் பேரு உங்களோடதுதானா சார்?"

கில்லாடி அத்தனை அட்டைகளையும் மேஜையில் பரப்பினார்.

"நிரந்தரமா இந்த நாட்டுலதான் இருக்கீங்களா?"

"வேற எங்க சார் போகப்போறேன்?"

"இந்தத் தளம், இதுல இருக்கிற நகைச்சீட்டு எல்லாம்?"

கில்லாடி உஷாரானார். விற்பதற்காக வாங்கியது என்று வாய் தவறினால் முகவரி பறிபோகும். அந்த வலையில் விழ அவர் என்ன பச்சைக் குழந்தையா?

"என் சொந்தத் தொழில் சார்."

"கூட்டாளிங்க யாராவது?"

கூட்டாளி என்றால் பங்கு கேட்பானே!

"ஒருத்தரும் கிடையாது. ஆரம்பத்துலேருந்து நான் ஒருத்தன்தான். எதுவா இருந்தாலும் என்கிட்டதான் பேசணும்."

இளையவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, கடைசியில் கையெழுத்துக் கேட்டார். சமையலறை வாசலிலிருந்து மனைவி கண்ணைக் காட்டினாள். "கையெழுத்துக்கு முன்னாடி தொகையைக் கேளுங்க!"

கில்லாடி கனைத்துக்கொண்டார். "தொகை எவ்வளவுன்னு..."

"கொஞ்சநஞ்சமில்ல சார். கோடிக்கணக்குல வருது."

கில்லாடிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாடி எதற்கு, ஐந்தாகவே கட்டலாம். புதுப் பெயரைச் சுழித்து, அடியில் இரண்டு கோடும் இழுத்து, கையெழுத்துப் போட்டார். பெரியவர் அதை வாங்கிப் பத்திரமாக மடித்துக்கொண்டு எழுந்தார்.

"சீட்டுப் பணத்தோட முதலாளி எங்கயோ ஓடிட்டாருன்னு அத்தனை ஜனமும் கதறுது, நீங்க என்னடான்னா நிம்மதியா வீட்டுலயே இருக்கீங்க" என்றபடி பையிலிருந்து விலங்கை எடுத்தார், பொருளாதாரக் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்.