பின்னால் தெரியும் கூட்டம்

ஊர் சுற்றிப்பார்க்க வந்தவரைப் போலத்தான் வேலாண்டி ஐந்து நாட்களாகச் சென்னையில் அலைந்துகொண்டிருந்தார். போகிற இடத்திலெல்லாம் யாரிடமாவது கைபேசியை நீட்டி, "என்னைய ஓரமா வச்சு ஒரு படம் எடுங்க. பின்னாடி சனம் நல்லாத் தெரியணும்" என்பார். பாரிமுனையில், பாண்டி பஜாரில், காசிமேட்டில் எடுத்த படங்கள் உடனுக்குடன் ஊரிலிருக்கும் மனைவிக்குப் போய்விடும். அவள் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் கத்திய அன்று வீட்டைவிட்டுப் போன மகன், இந்த நகரத்தில்தான் எங்கோ இருக்கிறான்.

மயிலாப்பூர்க் குளத்தருகே நின்றபோது அவள் அழைத்தாள்.

"இருக்கான். பாண்டி பஜார்லயும் இருக்கான், காசிமேட்டுலயும் இருக்கான். சட்டைதான் வேற. உங்க முதுகுக்குப் பின்னாடியேதான் வாறான். காசிமேட்டுல இன்னும் கிட்ட வந்துட்டான்."

வேலாண்டி திரும்பவில்லை. பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அங்கிள், உங்க பின்னாடி ஒருத்தர் உங்களையே பாத்துட்டு நிக்கிறாரு. தள்ளிக்கச் சொல்லட்டா?"

"வேணாம்மா" என்றார். "நீ எடுத்துக்கிட்டே இரு."